நெகட்டிவ் என்று எழுதிய பிறகு

மன்னாரில் மலேரியா வேலை பார்க்கிறேன் என்றால், "அதுதான் ஒழிஞ்சு போச்சே" என்பார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூர்ப் பரவல் நின்றது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது, எல்லாம் உண்மை. ஆனால் 1963இல் இலங்கை முழுக்க வெறும் 17 நோயாளிகள்தான் இருந்தார்கள். கவனம் தளர்ந்ததும் 1969இல் அது 5 இலட்சத்தைத் தாண்டியது. சான்றிதழ் கிடைத்த அதே 2016இன் கடைசியில்தான் எங்கள் தீவுக் கிணறுகளில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலஸ் ஸ்டீபன்சி நுளம்பின் குடம்பிகளைக் கண்டுபிடித்தார்கள். நுளம்பு இருக்கிறது, ஒட்டுண்ணி மட்டும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களின் இரத்தத்தைப் பரிசோதிப்பது இதனால்தான்.

ஒரு கட்டுமானத் தளத்துக்கு இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர். விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் தடித்த இரத்தப் பூச்சும் மெல்லிய பூச்சும் எடுத்து, ஜீம்சா சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் 100 புலங்களுக்கு மேல் பார்த்தேன். நெகட்டிவ். "ஒன்றுமில்லை தம்பி, போகலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, பனடோலை விழுங்கிக்கொண்டு அறையிலேயே சுருண்டு கிடந்தவரை மேற்பார்வையாளர் கூட்டிவந்தார். இந்த முறை கண்ணாடித் துண்டில் வைவாக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி தெளிவாகத் தெரிந்தது. "நெகட்டிவ்னு சொன்னீங்களே சார்" என்றார். அப்புறம் மெதுவாக, "என்னை ஊருக்கு அனுப்பிருவாங்களா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. வைவாக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கும், அப்போது இரத்தத்தில் எதுவும் தெரியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குச் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் வேலை போய்விடும் என்று அவர் பயந்து ஒளிந்த அந்த நாட்களில், ஏதாவது ஒரு அனோபிலஸ் நுளம்பு அவரைக் கடித்து இன்னொருவருக்குக் கொண்டு போயிருக்கலாம். 2018இல் மொனராகலையில் அதுதான் நடந்தது. இந்தியத் தொழிலாளி ஒருவரிடமிருந்து கூட வேலை செய்த உள்ளூர்க்காரருக்குத் தொற்றியது.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் செய்யும் நொதிக் குறைபாடு இல்லை என்று பார்த்து, ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணியை அழிக்கும் பிரிமாகுயினை 14 நாள் கொடுத்தோம், இலவசமாக. சுற்றியுள்ள வீடுகளில் எல்லோருடைய இரத்தத்தையும் எடுத்தோம். கிணறுகளில் குடம்பிகளைத் தின்னும் மீன்குஞ்சு விட்டோம். வேறு யாருக்கும் தொற்றவில்லை.

இப்போதெல்லாம் முடிவு நெகட்டிவ் என்றால்தான் அதிக நேரம் பேசுகிறேன். "இது இன்றைய இரத்தம் மட்டும். அடுத்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த டொக்டரிடம் போனாலும் எங்கிருந்து வந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மருந்துக்குக் காசு வேண்டாம், எங்களிடம் வருவதற்காக உங்களை யாரும் குற்றம் சொல்ல விடமாட்டேன்" என்று சொல்லி, என் தொலைபேசி எண்ணை அவர்கள் கையாலேயே எழுதவைக்கிறேன்.

போன மாரியில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு அந்தத் தம்பி கோல் எடுத்தார். "சார், பக்கத்துக் கட்டில்காரருக்கு ரெண்டு நாளா குளிர் காய்ச்சல். வரமாட்டேங்குறார், பயப்படுறார். நீங்க வந்து பேசுறீங்களா?"

கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன்.