அரைப் பேர், முழுப் பேர்

பெப்ரவரி 24, 2025, திங்கள்

அதிபர் கடைசியில் சம்மதித்துவிட்டார். மார்ச் 20, 21 இரண்டு நாளும் பாடசாலை மண்டபம் எங்களுக்கு. ஆண்டு 9 பிள்ளைகள் பதினெட்டுப் பேர், நான், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இரவல் வாங்கப்போகும் பழைய சாமான்கள். கண்காட்சி அவ்வளவுதான்.

இன்று வகுப்பில் பழைய கண்காட்சிகளைப் பற்றிப் பேசினேன். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இலங்கைக்கென்று தனி மண்டபமே எழுப்பினார்கள். அங்கே பத்து லட்சம் பொதி தேயிலை விற்றதாகத் தேயிலை வரலாறு எழுதுபவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1880களில், ஹாகன்பெக் என்ற ஜெர்மன் மிருக வியாபாரி இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு விட்டார். மிருகக்காட்சிசாலைகளில்கூட.

"மனுசங்களையா டீச்சர்?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை கேட்டாள்: "அவங்க பேரெல்லாம் எழுதி வெச்சிருந்தாங்களா?"

இரவு சமைக்கும்போதும் அந்தக் கேள்விதான் காதில் நின்றது.

மார்ச் 1, சனி

வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள ஹந்தானைக்குக் கூட்டிப்போனேன். தேயிலை நூதனசாலை இருப்பது 1925இல் கட்டிய பழைய பேக்டரியில். 2001இல்தான் நூதனசாலையாகத் திறந்தார்கள். நாலு மாடி. எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். அரைக்கிற இயந்திரம், சலிக்கிற இயந்திரம், பழைய எஞ்சின் என்று வேறு எங்கோ துருப்பிடித்துப் போயிருக்க வேண்டிய இரும்பையெல்லாம் கொண்டுவந்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். பையன்கள் எஞ்சினை விட்டு நகரவே இல்லை.

மேல் மாடியில் ஜேம்ஸ் டெய்லருக்கென்று ஓர் இடம். இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்தவர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். 1892இல் அவர் இறந்தபோது தொழிலாளர்கள் தோளில் சுமந்து கண்டி மகையாவை கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். மலைப்பாதையில், அத்தனை தூரம். டெய்லரின் ஊர் தெரியும், வயது தெரியும். சுமந்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கேட்டார்கள்.

திரும்பும் வழியில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கும் தொழிலாளர் நூதனசாலைக்கும் போனோம். 2007இல் தொடங்கியது, பழைய லயக் காம்பிராக்களையே, அதாவது லய அறைகளையே, நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். உள்ளே போன பிள்ளை ஒன்று, "இது எங்க வீடு மாதிரியே இருக்கே" என்றது. அதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போனேன். எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். சுவரில் ஆளுயரத்துக்கு என் அப்பாயி, அப்பாவின் அம்மா. தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் மழைக்குக் கட்டும் படங்கு, வெற்றிலை போட்ட வாய் சற்றே திறந்திருக்கிறது. அந்தப் படத்தை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கீழே ஓர் அட்டை: 'கொழுந்து பறிக்கும் பெண், மத்திய மலைநாடு'. படம் எடுத்தவரின் பெயர் இருந்தது. கமராவின் பெயர்கூட இருந்தது.

அங்கிருந்தவரிடம் "இது என் அப்பாயி" என்றேன். அழகான படம் என்று சொல்லிச் சிரித்தார். அட்டையை மாற்ற முடியுமா என்று கேட்க எனக்கு அன்று நா எழவில்லை. ஊருக்கு வந்து சொன்னபோது அப்பாயி கேட்டது ஒரே கேள்விதான்: "பேர் போட்டானுங்களா?"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். எங்களுக்குப் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளமும்தான். சொன்ன கிலோ நிறைந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மழையில் நனைந்துகொண்டு எடுத்த கொழுந்துக்குக் கணக்கப்பிள்ளை அரைப் பேர் போட்டுவிட்டார் என்று அடுப்படியில் உட்கார்ந்து அப்பாயி அழுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

மார்ச் 8, சனி

பொகவந்தலாவை போய்வந்தேன், தனியாக. ஹற்றனில் பஸ் ஏறி, நோர்வூட் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. போனது புனித மரியாள் தேவாலயத்துக்கு. அங்கேதான் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை இருக்கிறது. பக்கத்தில் கணவர் சார்ல்ஸ் ஹே கமரூன். இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றிய கோல்புறூக், கமரூன் சீர்திருத்தம் என்று வரலாற்றுப் பாடத்தில் படிப்போமே, அதே கமரூன்தான்.

அந்த அம்மா 1875இல் இங்கே வந்து, 1879 ஜனவரியில் இந்த மலைநாட்டிலேயே கண் மூடினார். புகைப்படக் கலையின் பெரிய ஆட்களில் ஒருவர். 1865இலேயே லண்டன் சவுத் கென்சிங்டன் நூதனசாலையில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அதே நூதனசாலை, இப்போது விக்டோரியா அன்ட் அல்பர்ட் என்ற பெயரில், அவர் பிறந்து 200 வருடம் ஆன 2015இல் மறுபடி ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் கவிஞர் டெனிசன், எழுத்தாளர் கார்லைல், வானியலாளர் ஹெர்ஷல் எல்லாருக்கும் பெயர் உண்டு. வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியருக்கும் உண்டு, வேலைக்காரிதானே என்று விட்டுவிடவில்லை. இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அதில் களுத்துறையில் வந்து தங்கிய ஓவியர் மரியான் நோர்த்துக்குப் பெயர் இருக்கிறது. நம் ஆட்கள் இருக்கும் ஒரு படத்தின் பெயர் 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்'.

கோபத்தோடுதான் போனேன். கல்லறை முன்னால் நின்றபோது அது அப்படியே இருக்கவில்லை. அந்த முகங்களை அவர் எவ்வளவு கிட்டத்தில் நின்று, எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார் என்பது படத்தில் தெரிகிறது. அவ்வளவு பார்த்தவர் ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வலி.

மார்ச் 11, செவ்வாய்

சாமான்கள் வரத் தொடங்கிவிட்டன. கறுப்புக் கம்பளி இரண்டு, பிரம்புக் கூடை, அம்மி, குத்துவிளக்கு. தப்பு மேளம் மட்டும் இப்போது கிடைக்காது. மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கிறது, காமனை எரித்த பிறகுதான் கைவிடுவேன் என்று தப்புக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொல்வது நியாயம்.

இன்று ஒரு பையன் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து ஒன்றைக் கொண்டுவந்தான். வட்டமான தகரம், ஓரத்தில் கயிறு கோக்க ஒரு துளை. அவன் பாட்டியின் அம்மா கழுத்தில் போட்டு வந்தது, இத்தனை காலம் வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினால் எண் தட்டுப்படுகிறது. தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊரிலிருந்த முகாமில் சோதனை முடிந்து, கப்பலில் தலைமன்னார் வந்து, ரயிலேறித் தோட்டம் சேரும்வரை இதுதான் ஆளுக்கு அடையாளம். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று தகரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பெயர் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயர் அவன் வீட்டாருக்குத் தெரிந்திருக்கிறது. தகரத்துக்குப் பக்கத்தில், எண்ணைவிடப் பெரிய எழுத்தில் அதை எழுதுவோம் என்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள்.

(இங்கே நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். பாடசாலை மண்டபத்தில் போடத்தான் சம்மதம் கேட்டோம், இணையத்தில் போடக் கேட்கவில்லை.)

மார்ச் 15, சனி

நாள் முழுக்கப் பெயரட்டை எழுதினோம். பிரிஸ்டல் போட் ஆறு தாள் முடிந்தது. ஒவ்வொன்றிலும் பொருளின் பெயர், வைத்திருந்தவர் பெயர், எந்தத் தோட்டம், எத்தனை வருடம். இடையில் 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்த பீரங்கியின் கதையைச் சொன்னேன். 1765இல் டச்சுக்காரர்கள் கண்டி அரண்மனையில் கொள்ளையடித்தது. ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் அத்தனை காலம் இருந்தும், அதை அரசனுக்குக் கொடுத்த லெவ்கே திசாவை என்ற மாகாண அதிகாரியின் பெயரால்தான் இன்றும் அழைக்கிறோம். ஒருத்தி சொன்னாள்: "பேர் இருந்தா வீட்டுக்கு வழி தெரியும்போல டீச்சர்." அதையும் ஒரு அட்டையில் எழுதிவைக்கச் சொன்னேன், மாட்டேன் என்று வெட்கப்பட்டு ஓடிவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

விடியவே மழை. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். பத்து மணிக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகவேண்டியவர்கள் படங்கு கட்டியபடியே வந்து பார்த்துவிட்டு ஓடினார்கள். தப்பும் வந்து சேர்ந்தது, தோலில் இன்னும் காமன் கூத்துச் சாம்பல்.

மதியம், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி தந்த அம்மா வந்தார். எழுபது தாண்டியவர், வாசிக்கத் தெரியாது. பிள்ளை அட்டையை வாசித்துக் காட்டினாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "என் பேரை ஏன் போட்டீங்க? கத்தி எங்க வீட்டுக்காரருது" என்றார். தந்தவர் என்று அவர் பெயரையே நாங்கள் எழுதியிருந்தோம். தவறு எங்களுடையதுதான்.

கத்தியைக் கையில் எடுத்தார். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. ஒரு பக்கம் டியூப் தேய்ந்து, மரமும் தேய்ந்து, பெருவிரல் உட்காரும் அளவுக்குக் குழி. அதில் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. கத்தியை இடது கைக்கு மாற்றினார். விரல் சரியாக உட்கார்ந்தது.

"அவரு இடது கைக்காரரு டீச்சரம்மா. கங்காணி ஏசிக்கிட்டே இருப்பாரு."

பிள்ளை புது அட்டை எடுத்து உட்கார்ந்தாள். முதலில் அவர் கணவரின் பெயர், பிறகு 'தந்தவர்' என்று இவர் பெயர், அதன் கீழே 'இடது கைக்காரர்'. வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். பிறகு கத்தியைத் துணியில் வைத்து, குழி மேலே தெரியும்படி திருப்பிவிட்டுப் போனார்.