பீச் மரமும் ஒரேஞ்ச் உருண்டையும்

மழைக்காடு எண்டா எங்கட ஆக்களுக்கு உடன இலங்கையின்ர சிங்கராஜாக் காடுதான், வேர்வை, அட்டைக்கடி, கசகசப்பு. குளிர் மழைக்காடு எண்டும் ஒண்டு இருக்கு, மெல்பேர்ன்ல இருக்கிற மச்சாள் ஒட்வே மலைப்பக்கம் போய் வட்ஸ்அப்பில படம் படமா அனுப்பினாப் பிறகு இரவிரவா அதைப்பற்றித்தான் வாசிச்சுக்கொண்டிருக்கிறன்.

ஒரு படத்தில மேர்ட்டில் பீச் (beech, பீச் பழ மரம் இல்லை) மரக்கொப்பு, அதில கழலை மாதிரி வீங்கின ஒரு இடம், அந்த வீக்கத்தில கொத்தா ஒரேஞ்ச் நிற உருண்டையள். பழம் எண்டுதான் நினைப்பீங்கள். இல்லை, காளான்! பேர் சித்தாரியா. பிஞ்சில மெல்லிய தோல் மூடியிருக்கும், தோல் கிழிஞ்சா உள்ள குழி குழியா கொல்ஃப் பந்து கணக்கா இருக்கும், அந்தக் குழியளுக்குள்ள இருந்துதான் வித்துத்தூள் பறக்கும். மரத்தை இது கொல்லுறேல்ல, வீங்க வச்சிட்டு அதிலயே குடித்தனம். தஸ்மேனியாப் பழங்குடி ஆக்கள் இதைச் சாப்பிட்டவை.

(அந்தக் காட்டில மற்ற நத்தையளைப் பிடிச்சுத் தின்னுற கறுப்பு நத்தையும் இருக்காம், ஒட்வேயை விட்டா வேற எங்கயும் இல்லை. அது வேற கதை.)

விசயம் என்னெண்டா இதே சித்தாரியா வகைக் காளான் பசிபிக் கடலுக்கு அங்கால சிலியிலயும் ஆர்ஜென்டினாவிலயும் இருக்கு, 1830கள்ல டார்வின் தென்னமெரிக்காவின்ர அடிநுனியில அங்கத்த ஆக்கள் அதைச் சாப்பிடுறதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கயும் இதே சாதித் தெற்கு பீச் மரத்தில மட்டும்தான் வரும். அந்தாட்டிக்காவில இப்ப ஒரு மரமும் இல்லை, ஆனா பீச் இலைப் புதைபடிவம் எடுத்திருக்கினம். தென்பக்கக் கண்டங்கள் எல்லாம் ஒண்டா ஒட்டியிருந்த பழைய பெருங்கண்டம் கொண்ட்வானா உடையேக்க மரத்தோட சேர்ந்து காளானும் பிரிஞ்சு போயிருக்கு.

அப்ப எங்களுக்கு ஏன் இல்லை? இலங்கையும் அந்தாட்டிக்காவோட ஒட்டிக்கொண்டு இருந்ததுதானே, எங்கட மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில குளிரும் பாசியும் தாராளமாக் கிடக்குது. நாங்கள் இந்தியாவோட சேர்ந்து கழண்டது 12 கோடி வருசத்துக்கு முந்தியே, பீச்சின்ர ஆகப் பழைய மகரந்தம் 8 கோடிச் சொச்சம்தான். நாங்கள் கப்பல் ஏறிப் போனாப் பிறகு பிறந்த மரம், எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு. அதால ஹோட்டனில நிக்கிறது கீனா மரமும், சிவப்பாப் பூக்கிற மகரத்மல் எண்ட ரோடோடென்ட்ரனும், அந்த மகரத்மலின்ர சொந்தக்காரர் எல்லாம் வடக்கால, நீலகிரியிலயும் இமயமலையிலயும்.