லண்டன்–பாரிஸ்: பறப்பது முக்கால் மணி, போய்ச் சேர ஆறு மணி

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர்தான். சக்கரம் தரையை விட்டெழுந்து மறுபடி தரை தொட 45, 50 நிமிடம். அந்த எண்ணை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

டிக்கெட்டில் ஒன்றேகால் மணிக்கு மேல் காட்டும். ஹீத்ரோவில் ஓடுபாதை இரண்டே இரண்டு, கிளம்ப வரிசை. பாரிஸில் நான்கு உண்டு. ஆனால் இறங்கிய பின் டெர்மினலுக்கு ஊர்ந்து வரவே பத்து நிமிடம் ஆகிவிடும். திரும்பும்போது ஹீத்ரோவில் நெரிசல் என்றால் லண்டனுக்குத் தென்கிழக்கே பிக்கின் ஹில் பக்கம் வானில் வட்டமடிக்க வைப்பார்கள்.

நேரக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். வருடம் முழுக்க பாரிஸ் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். போகும்போது 9.00க்குக் கிளம்பினால் 11.20 என்றிருக்கும், வரும்போது 9.00க்குக் கிளம்பினால் 9.20. இரண்டும் ஒரே பயண நேரம்தான்.

இப்போது வாசலுக்கு வாசல் கூட்டுங்கள். மத்திய லண்டனிலிருந்து ஹீத்ரோ ஒரு மணி, இரண்டு மணி முன்னதாகப் போக வேண்டியது, விமானம் ஒன்றேகால், குடிநுழைவும் பெட்டியும் முக்கால், ஊருக்குள் போகும் ஆர்.இ.ஆர். பி புறநகர் ரயிலுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து இன்னொரு முக்கால். கிட்டத்தட்ட ஆறு மணி! செலவும் அப்படியே ஏறும்: அந்த ரயிலுக்கு மட்டும் 2025இல் 13 யூரோ. மலிவு டிக்கெட் என்று போவே என்ற விமான நிலையத்துக்கு எடுத்தால் இன்னும் மோசம். அது பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல், பேருந்தே ஒன்றேகால் மணி.

சார்ல் து கோல் வருகைக் கூடத்துக்குள்ளேயே "டாக்ஸி, டாக்ஸி" என்று கிட்ட வருகிறவர்களோடு தயவுசெய்து போகாதீர்கள். அது கொள்ளை, வேறு பேரே கிடையாது. முறையான டாக்ஸி வெளியே பலகை வைத்த வரிசையில் நிற்கும், கூரையில் விளக்குப் பெட்டி இருக்கும். கட்டணம் அரசு நிர்ணயித்தது: 2025இல் சேன் ஆற்றின் வலக்கரைக்கு 56, இடக்கரைக்கு 65 யூரோ. இரவு, ஞாயிறு, போக்குவரத்து நெரிசல் எதற்கும் தொகை ஏறாது. பெட்டிக்குத் தனிக் காசும் கிடையாது. நான்கு பேர் சேர்ந்து போனால் ரயில் டிக்கெட்டை விடப் பெரிய வித்தியாசமில்லை. ஏறுமுன் தொகையைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊரிலிருந்து ஊருக்கு என்றால் யூரோஸ்டார் ரயில்தான் சரி. லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்திலிருந்து பாரிஸ் கார் து நோர் நிலையம் வரை 2 மணி 20 நிமிடம் போல. 100 மில்லி திரவக் கட்டுப்பாடு இல்லை. ஊறுகாய் பாட்டிலும் போகும். பிரெஞ்சு குடிநுழைவு லண்டனிலேயே முடிந்துவிடும். 2025 அக்டோபர் 12இல் கைரேகை, முகப்படப் பதிவு தொடங்கியிருப்பதால் முதல்முறை போகிறவர்கள் ஒன்றரை மணி முன்னதாகப் போங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். திரும்பி நுழையப் பிரிட்டன் விசா உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றே ஒன்று: நெருக்கத்தில் எடுத்தால் ரயில் விலை கண்ணைக் கட்டும். சில வாரம் முன்பே எடுத்துவிடுங்கள்.

சார்ல் து கோலில் வேறு விமானம் மாறுகிறவர்களுக்கும், ஹீத்ரோவை ஒட்டிய ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ் பக்கம் வீடு இருப்பவர்களுக்கும் மட்டும் விமானம் கட்டுப்படியாகும். மற்றவர்கள் கார் து நோரில் இறங்கினால் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பத்து நிமிட நடை. பெட்டியை இழுத்துக்கொண்டே போய்ச் சுடச்சுடத் தோசையும் வடையும் சாப்பிடலாம்.