வரைபடத்தை 18 டிகிரி திருப்பியபோது

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவொன்றில், லேத் பட்டறைக்கும் உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் நடுவே இருந்த மனையில் பள்ளிவாசல் கட்டித்தர வேண்டுமென்று ஜமாஅத்தார் கேட்டபோது, நான் முதலில் வரைந்தது தெருவுக்கு இணையாக நிற்கும் செவ்வகக் கட்டடம். தெரு நேர் வடக்கு தெற்காக ஓடுகிறது. தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசையான கிப்லாவோ சென்னையிலிருந்து நேர் மேற்கு அன்று, அதிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 டிகிரி விலகியிருக்கிறது. தொழுபவர் ஒருவருக்கு 2 அடி அகலமும் 4 அடி ஆழமும் என்று கணக்கிட்டால் 300 பேருக்கு 2,400 சதுர அடி தேவை. அந்தச் செவ்வகத்துக்குள் வரிசைகளைச் சாய்வாகக் கோடிட்டுப் பார்த்ததும், நான்கு மூலைகளும் யாரும் நிற்க முடியாத முக்கோணங்களாக வீணாயின.

டாக்காவில் கட்டடக் கலைஞர் மரீனா தபஸ்ஸும் என்பவர் வடிவமைத்து 2012இல் கட்டி முடிக்கப்பட்ட பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலின் வரைபடத்தை அப்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெளிச் சதுரத்துக்குள் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கிப்லாவை நோக்கித் திருப்பிய தொழுகைக் கூடம் என்று அமைந்த கட்டடம் அது. எங்கள் மனையில் வட்டத்துக்கு இடமில்லை. வெளிச்சுவரைத் தெருவோடு நிறுத்தி, கூடத்தை மட்டும் உள்ளே திருப்பினேன். சுவர்களுக்கிடையே ஆப்பு வடிவில் எஞ்சிய இடங்கள்தாம் இந்தக் கட்டடத்துக்கு உயிர் கொடுத்தன என்று உறுதியாக நம்புகிறேன். பிரஸ் ஷாப் பக்கம் விழுந்த ஆப்பு, இரட்டைச் சுவரும் நடுவே காற்றுமாக நின்று, வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவான பயானைக் கேட்கவிடாமல் செய்திருக்கக்கூடிய சத்தத்தைப் பெருமளவு தடுக்கிறது. தரை வழியே வரும் அதிர்வை அதனால் தடுக்க முடியவில்லை.

கூரையைப் பற்றித்தான் அதிகம் விவாதித்தோம். பெரியவர்கள் குவிமாடம் வேண்டுமென்றார்கள். கீழக்கரையின் பழைய பள்ளிவாசல் கல் தூண்களோடு நம் ஊர் மண்டபங்களைப் போலவே நிற்பதை எடுத்துச் சொல்லி, சுற்றியுள்ள பட்டறைகளின் ரம்பப் பல் கூரையையே, அதாவது ரம்பத்தின் பற்களைப் போல வரிசையாகச் சரிந்து, வடக்கு நோக்கிய பக்கங்களில் கண்ணாடி வைத்த கூரையையே, இங்கும் போடலாம் என்றேன். மூன்று கூட்டங்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பிரிட்டன் போன்ற வடக்கு நாடுகளின் ஆலைகளில் வடக்கு நோக்கிய கண்ணாடி வழியே நேர்வெயில் படாத வெளிச்சம் மட்டுமே பெரும்பாலும் வரும். சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதுச் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுவதால், நண்பகல் தொழுகையான லுஹர் நேரத்தில் நேர்வெயில் தொழுபவர் மேல் விழும். ஆகவே கண்ணாடிக்கு வெளியே கான்கிரீட் தடுப்புப் பலகைகளைச் சேர்த்தோம்.

நான் எண்ணிப் பார்க்காத ஒன்றை இமாம் சுட்டிக்காட்டினார். தோலில் நீர் படாமல் தடுக்கும் கிரீஸோ பெயிண்டோ ஒட்டியிருந்தால், தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் உளூ நிறைவேறாது. இங்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஷிஃப்டின் நடுவே எண்ணெய்க் கையோடு வருபவர்கள். அதனால் கிழக்கு ஆப்பில், உளூ செய்யும் இடத்துக்கு முன்னதாகவே, சோப்பும் தேய்க்கும் நாரும் வைத்த தனித் தொட்டியையும், கனமான சேஃப்டி ஷூவை உட்கார்ந்து கழற்ற நீளமான கல் திண்ணையையும் அமைத்தோம். எண்ணெய் கலந்த அந்த நீர் உளூ நீரோடு சேராமல், கசடு பிரிக்கும் குழி வழியே தனியாகப் போகிறது. உளூ நீர் தென்புற ஆப்பிலுள்ள வேப்பங்கன்றுகளுக்குப் பாய்கிறது.

அந்தத் தொட்டிக்கு 8 குழாய்கள் போதும் என்று வரைந்திருந்தேன். வெள்ளிக்கிழமை மதியங்களில் கை கழுவக் காத்திருப்போரின் வரிசை வாசல்வரை நீள்வதைப் பார்த்த பிறகு, திண்ணையைச் சற்றுத் தள்ளி இன்னும் 6 குழாய்கள் வைப்பதற்கான வரைபடத்தை இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.