அரத்தூளும் ஆசிட் பதிவேடும்

கொழிஞ்சாம்பாறையில் அப்பா நகைப் பட்டறையை மூடி ஆறு வருடம் ஆகிறது. அரம் போட்டபோது விழுந்த தூளை ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். எடை போட்டேன், 12.4 கிராம். தங்கம், செம்பு, வெள்ளி, நகையை ஒட்டவைக்கும் பற்றாசு, உடைந்த ரம்பப் பல் எல்லாம் கலந்த தூள். அதிலிருந்து சுத்தத் தங்கத்தை என் கையால் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். வேலைக்கு இரண்டு நாள்தான் ஆனது. சரியான சரக்கு கைக்கு வர நான்கு மாதம் ஆனது.

தங்கம் கரைய நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் என்ற இரண்டு அமிலமும் சேர வேண்டும். முதலில் ஊர்க்கடையில் கழிப்பறை கழுவும் ஆசிட் வாங்கினேன். அதுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தானே என்று நினைத்தேன். பாட்டிலில் எத்தனை சதவீதம் என்றே போடவில்லை. நிறமும் மஞ்சள், அது பெரும்பாலும் இரும்புக் கலப்பால் வருவது. தங்கத்தைச் சுத்தம் செய்யப் போகிறவன் அதற்குள் அழுக்கைக் கொட்டக் கூடாது. அதைக் கழிப்பறைக்கே விட்டுவிட்டேன்.

பிறகு கோயம்புத்தூருக்குப் போனேன். ரசாயனக் கடைக்காரர் "எதுக்குங்க?" என்றார். "சும்மா ஒரு வேலைக்குங்க" என்றேன். எடுத்து வைத்த நைட்ரிக் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். "சும்மான்னு எழுத முடியாதுங்க. ஆதார் காட்டுங்க, என்ன வேலைன்னு சொல்லுங்க."

அவர் செய்தது முழுக்கச் சரி. பெண்கள் மீது ஆசிட் வீசும் கொடுமைகளால் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. முகவரியுள்ள அரசு அடையாள அட்டை வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கவே கூடாது. இதையெல்லாம் கேட்காமல் விற்கும் கடை கண்ணில் பட்டால் அங்கே வாங்காதீர்கள். அட்டையை நீட்டினேன், பட்டறைத் தூளைப் பற்றிச் சொன்னேன். அடுத்து, "எதுல கொண்டு போவீங்க?" என்றார். வேலந்தாவளம் பஸ்ஸில் என்றதும் முடியாது என்று தலையாட்டிவிட்டார். பயணிகள் பஸ்ஸில் அமிலம் ஏற்றக் கூடாது. வெறுங்கையோடு திரும்பினேன்.

கடைசியில் பாலக்காட்டில், பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஒருவர் கிடைத்தார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தன் வண்டியிலேயே அனுப்பினார். 68 சதவீத நைட்ரிக் அரை லிட்டர், 35 சதவீத ஹைட்ரோகுளோரிக் அரை லிட்டர், இரண்டும் எல்.ஆர். தரம், அதாவது சாதாரண ஆய்வகத் தரம். இந்த வேலைக்கு அதற்கு மேல் தரம் தேவைப்படவில்லை.

தண்ணீரில்தான் அடுத்த அடி. எங்கள் போர்வெல் தண்ணீரில் நைட்ரிக்கை விட்டுக் கலந்து, வெள்ளித் துணுக்கு ஒன்றைக் கரைத்துப் பார்த்தேன். மோர் போல் வெளுத்தது. தண்ணீரில் இருந்த உப்பு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகிவிட்டது. அதன்பின் காய்ச்சி வடித்த தண்ணீர்தான். அதிலும் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டு, கலங்கவில்லை என்று பார்த்த பிறகே எடுத்தேன்.

கரைந்த தங்கத்தை மறுபடி பொடியாக இறக்க அப்பா சொன்னது அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். நாட்டுமருந்துக் கடையில் கிடைத்தது துருப்பிடித்த நிறத்தில் பொரிந்திருந்தது. பச்சைப் படிகமாக இருந்தால்தான் வேலை செய்யும், பழுப்பேறினால் அந்தச் சக்தி போய்விட்டது என்று பொருள். அதனால் சோடியம் மெட்டாபைசல்பைட்டுக்கு மாறினேன். கணக்குப்படி ஒரு கிராம் தங்கத்துக்கு 0.72 கிராம் போதும், நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகும். இதுவும் திறந்து வைத்தால் கெடும். மூடியைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்கும் கந்தக நெடி வராவிட்டால் வாங்காதீர்கள்.

தங்கத்தை இறங்கவிடாமல் மிஞ்சும் நைட்ரிக்கைப் போக்க உரக்கடை யூரியா போதும் என்று சிலர் சொன்னார்கள். இந்தியாவில் 2015 முதல் விவசாய யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெய் தங்கக் கரைசலுக்குள் எதற்கு? சல்ஃபாமிக் அமிலம் வாங்கினேன். ஆனாலும் நைட்ரிக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டால், போக்குவதற்கே அதிகம் மிஞ்சாது.

கரைசலில் தங்கம் இருக்கிறதா என்று சோதிக்க ஸ்டேனஸ் குளோரைடு வேண்டும். அதற்குப் பாலக்காட்டு ரசத்துக்குப் பேர்போன ஈயச்சொம்பே உதவியது. சொம்பு செய்பவரிடம் வெள்ளீயத் துண்டு ஒன்று வாங்கி, ஹைட்ரோகுளோரிக்கில் கரைத்தேன். வடிதாளில் இருந்த தங்கக் கரைசல் மேல் அதில் ஒரு சொட்டு விட்டதும் கத்தரிப்பூ நிறம் ஏறியது, தங்கம் இருக்கிறது என்று பொருள்.

இதையெல்லாம் தென்னந்தோப்பு வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்தேன். நைட்ரிக்கில் கரையும்போது எழும் பழுப்புப் புகையை ஒருமுறைகூட மூச்சில் இழுக்கக் கூடாது. அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். அப்பா இதே வேலையை ஜன்னலில்லாத அறையில் வருடக்கணக்கில் செய்திருக்கிறார். நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

பழுப்புப் பொடி அடியில் இறங்கியது, கழுவி வெண்காரம் போட்டு உருக்கினேன். 8.1 கிராம் தங்க மணி. அப்பா உரைகல்லில் இழைத்து, வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பரவால்லடா" என்றார்.

பச்சைக் கழிவு இன்னும் வாளியில் இருக்கிறது. இரும்பு ஆணிகள் போட்டிருக்கிறேன், செம்பு படிந்துகொண்டிருக்கிறது. முழுதும் இறங்கியதும் சுண்ணாம்பு போட வேண்டும். எங்கள் கிணறு முப்பதடி தூரத்தில்தான் இருக்கிறது, மண்ணில் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.