எல்க் வேட்டைக்கு குரு வேண்டுமா? முதுகைக் கொடுங்கள்

நாற்பத்தைந்துக்கு மேல் வருகிற ஆசைகள் முழங்காலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் அந்த ஆசைக்குப் பெயர் எல்க் மான். வளர்ந்த ஆண், அதாவது கொம்பன், 300 கிலோவைத் தாண்டும். அது இருப்பது 9,000 அடிக்கு மேலே. ஆசைப்பட்டவர் இருப்பது சோபாவில்.

துப்பாக்கி வாங்குவதில் சிரமமில்லை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கும் போயாக வேண்டும்; 1949 ஜனவரி 1 முதல் பிறந்த எல்லோருக்கும் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்பதால், ஐம்பதைத் தாண்டியவர்கள்கூட வகுப்புக்குப் பதில் தேர்வு எழுதித்தான் தப்பிக்க முடியும். குலுக்கல் உரிமத்துக்கு ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அக்டோபரில் விழித்துக்கொண்டு கேட்பவர்கள் வருடா வருடம் உண்டு.

குரு கிடைப்பதுதான் கஷ்டம். பலர் முதல் கேள்வியிலேயே கெடுத்துக்கொள்கிறார்கள்: "நீங்க எந்த இடத்துல சுடுவீங்க?" பிரியாணி மாஸ்டரிடம் மசாலா அளவு கேட்கிற மாதிரி இது. "மலைல" என்று பதில் வரும். கேட்க வேண்டியது வேறு: "உங்களுக்கு ஒண்ணு விழுந்தா போன் பண்ணுங்க, சுமக்க வர்றேன்." வகுப்பு எடுக்கும் தன்னார்வலரிடமோ, எல்க் மான்களைப் பாதுகாக்கும் அமைப்பான ராக்கி மவுண்டன் எல்க் ஃபவுண்டேஷனின் உள்ளூர்க் கிளை விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடமோ இதைச் சொல்லிப் பாருங்கள். ஆள் நிமிர்ந்து உட்காருவார்.

கணக்கு அப்படி. ஒரு கொம்பனில் எலும்பு நீக்கிய கறியே 70 முதல் 90 கிலோ தேறும். வண்டி 3 கிலோமீட்டர் தள்ளி நின்றால், நாலு சுமைக்கு ஒற்றை ஆள் போக நாலு, வர மூன்று என்று 21 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இன்னொரு முதுகு இருந்தால் அவருக்கு 9 கிலோமீட்டர்தான். பாதி வயதுப் பையன்கள் வருவதாகச் சொல்லிவிட்டு வர மாட்டார்கள். நீங்கள் போய் நிற்பதே தகுதி.

அங்கே கற்பது எந்த வகுப்பிலும் கிடைக்காது. கறியை எடுக்க வயிற்றைத் திறக்கவே வேண்டாம். மானை ஒருக்களித்துப் போட்டு, முதுகெலும்பு நெடுக தோலைக் கீறிக் கீழ்நோக்கி உரிக்க வேண்டும். முன்னங்கால் உடம்போடு எலும்பால் இணைந்ததல்ல, கத்தி வெறும் சதையில் போய்விடும். பின்னங்காலில்தான் இடுப்புக் குழியில் பந்து மூட்டு இருக்கிறது. புதியவர்கள் அங்கேதான் கத்தியை மழுக்குவார்கள். பிறகு முதுகுக் கறி, கழுத்து. கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டு உள் முதுகுக் கறி. அப்புறம் புரட்டிப் போட்டு மறுபக்கம். தாமதித்தால், தடித்த தோலுக்குள் சூடு அடைந்து இடுப்பு எலும்பை ஒட்டிய கறி முதலில் புளிக்கும். குப்பைப் பையில் போட்டாலும் வியர்த்துக் கெடும். காற்று புகும் துணிப்பைதான் சரி. சுத்தக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் கறியோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது சட்டம். அழகாகச் சீவி எறிந்தால் அபராதம்.

காற்றையும் குருதான் காட்டுவார். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் மேலே போகும். பத்து மணிக்கு அடிவாரத்திலிருந்து ஏறுகிறவரின் வியர்வை வாசனை அவருக்கு முன்னாலேயே மானிடம் போய் விசாரித்துவிடும்.

மான் குரலில் கத்தி மானை அழைக்கும் ஊதலை மட்டும் வீட்டிலேயே பழகுங்கள். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சவ்வு ஊதல் அது. முதல் வாரம் முழுக்க குமட்டும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊதுவது நல்லது, சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிடாத வரை. செப்டம்பரில் காட்டில் கொம்பன் மாதிரி பதில் வந்தாலும் துள்ள வேண்டாம். எதிர்ப் புதரில் இன்னொரு சோபாக்காரர் இருக்கலாம். இரண்டு பேரும் அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் காதலோடு அழைத்துக்கொள்வது அங்கே சகஜம்.

போன் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வரும். தலை விளக்கு, மாற்று பேட்டரி, இரண்டு ஊன்றுகோல், மூன்று லிட்டர் தண்ணீர். அப்போதும் குரு சொல்வது வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும்தான். மீதியை அவர் பின்னால் நடந்து பார்த்துக்கொள்ளலாம், அதுவும் போனில் இருப்பிடத்தை அணைத்து வைக்கச் சொன்ன பிறகு.