ஒற்றைப் பாதையின் சாவி: பிரிட்டிஷ் ரயில்வேயின் டோக்கன் முறை

ஒரே தண்டவாளம், இரண்டு திசையிலும் ரயில். எதிரும் புதிருமாக இரண்டு எஞ்சின்கள் ஒரே துண்டுப் பாதைக்குள் நுழைந்துவிடக் கூடாது. பிரிட்டனின் கிராமப்புறப் பாதைகளில் பல இப்படி ஒற்றைப் பாதையாகத்தான் போடப்பட்டன. அந்த ஊர்களின் ரயில்வே வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எஞ்சினைவிட முதலில் டோக்கனை, அதாவது அந்தப் பாதைக்குள் நுழைய டிரைவரிடம் கொடுக்கும் அனுமதிப் பொருளை, பார்க்க வேண்டும் என்பேன்.

தொடக்கம் மிக எளிமையானது. இரண்டு நிலையங்களுக்கு இடையிலான பாதைக்கு ஒரே ஒரு கோல். அதை ‘ஸ்டாஃப்’ என்பார்கள். மரத்திலோ உலோகத்திலோ செய்து, இரு நிலையங்களின் பெயரையும் அதில் பொறித்திருப்பார்கள். கோல் கையில் இல்லாமல் டிரைவர் அந்தப் பாதைக்குள் போகக் கூடாது. கோல் ஒன்றுதான் என்பதால் ரயிலும் ஒன்றுதான். சிக்கல் எங்கே என்றால், ஒரே திசையில் இரண்டு ரயில்கள் அடுத்தடுத்துப் போக வேண்டிய நாளில். முதல் ரயில் கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டால் இரண்டாவது ரயிலுக்கு எதுவும் இருக்காது. அதற்காகச் சீட்டு முறை வந்தது. சீட்டுப் பெட்டியைத் திறக்கும் சாவி கோலிலேயே இருக்கும். முதல் டிரைவர் கோலைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுச் சீட்டோடு போவார், கடைசியாகப் போகிறவர் கோலைக் கொண்டுபோவார். கால அட்டவணைப்படி எல்லாம் நடந்தால் நல்ல முறை. ஒரு ரயில் தாமதமானால் ரயில் ஒரு முனையில் நிற்கும், கோல் மறுமுனையில் கிடக்கும்.

சில இடங்களில் கோலே இல்லாமல் தந்திச் செய்தியை மட்டும் நம்பி ஓட்டினார்கள். 1874 செப்டம்பர் 10 இரவு, நார்விச் அருகே தார்ப்பில், தந்தி உத்தரவில் நேர்ந்த குழப்பத்தால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் எட்வர்ட் டையர் தன் மின்சார டேப்லெட் கருவியை வடிவமைத்து 1878இல் காப்புரிமை பெற்றார். கோல் ஒன்று என்பதை மாற்றி, டேப்லெட் எனப்படும் வட்டத் தகடுகள் பலவற்றை இரு முனைகளிலும் இரண்டு கருவிகளுக்குள் அடுக்கி வைத்தார். எத்தனை தகடுகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரும். அடுத்து வெப், தாம்சன் இருவரின் மின்சார ஸ்டாஃப் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் சாவி வடிவ டோக்கன் வந்தது.

இது வேலை செய்யும் விதம் அழகானது. அ நிலையத்திலிருந்து ஆ நிலையத்துக்கு ஒரு பாசஞ்சர் ரயில் போக வேண்டும். அ நிலைய சிக்னல்மேன் ஆ நிலையத்தில் ஒலிக்கும் மணியை ஒரு தட்டு தட்டிக் கூப்பிடுவார். ஆ நிலையம் அதே ஒரு தட்டால் பதில் தரும். அடுத்து 3 தட்டு, சின்ன இடைவெளி, 1 தட்டு: ‘சாதாரண பாசஞ்சருக்குப் பாதை இருக்கிறதா?’ எக்ஸ்பிரஸ் என்றால் தொடர்ந்து 4 தட்டு. பாதை இருந்தால் ஆ நிலையக்காரர் அதே குறியீட்டைத் திருப்பித் தட்டி, கடைசித் தட்டில் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிப்பார். அந்த மின்னோட்டம் அ நிலையக் கருவியின் ஊசியைச் சாய்க்கும், உள்ளே இருக்கும் பூட்டை விடுவிக்கும். ஊசி சாய்ந்திருக்கும்போதே சாவி டோக்கனைத் திருப்பி உருவ வேண்டும். உருவிய கணத்தில் ஆ நிலையத்து ஊசியும் துள்ளும், அவர் பொத்தானை விடுவார். ரயில் கிளம்பியதும் 2 தட்டு. மறுமுனையில் வந்து சேர்ந்து, டோக்கன் கருவிக்குள் போன பிறகு 2-1: ‘ரயில் வந்து சேர்ந்தது’.

பூட்டின் சூட்சுமம் மின்னோட்டத்தின் திசையில் இருக்கிறது. சாவி டோக்கன் கருவியில் ஒரு டோக்கனை உருவினாலும் செருகினாலும் அந்தக் கருவியின் இணைப்பு தலைகீழாக மாறும். இரண்டு கருவிகளும் ஒத்துப்போனால்தான் அடுத்த டோக்கன் வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை ஒத்துப்போகாது. அதை எந்த முனையில் செருகினாலும் மீண்டும் ஒத்துப்போகும். இதில் பராமரிப்பு ஆட்களுக்கு ஒரு தலைவலி உண்டு. ஒரு திசையில் ரயில்கள் அதிகம் போனால் டோக்கன்கள் எல்லாம் ஒரே முனையில் குவிந்துவிடும், மறுமுனைக் கருவி காலியாகும். அப்போது பராமரிப்பாளர் கருவியைத் திறந்து கொஞ்சத்தை எடுத்துப்போய் மறுமுனையில் போடுவார். எடுப்பது எப்போதும் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான். ஒற்றைப்படையில் எடுத்தால் இணைப்பு புரண்டு, எல்லா டோக்கன்களும் உள்ளே இருந்தாலும் கருவி பூட்டியே கிடக்கும்.

இவ்வளவு பூட்டு இருந்தும் 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸில் அபர்மூல் விபத்து நடந்தது. கேம்ப்ரியன் ரயில்வேயின் பாதை. மாண்ட்கோமரியிலிருந்து ஒரு பாசஞ்சர் அபர்மூலுக்குள் வந்து நிற்கிறது. எதிர்த்திசையில் அபெரிஸ்ட்வித் எக்ஸ்பிரஸ் நியூடவுனில் முறைப்படி டேப்லெட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. இரண்டும் அபர்மூலில்தான் ஒன்றையொன்று கடக்க வேண்டும். பாசஞ்சரின் டிரைவர் கொடுத்த டேப்லெட்டை வாங்கிய பையன் அதைக் கருவியில் போடாமல், பயணிகளிடம் டிக்கெட் சேகரிக்கும் அவசரத்தில், விடுப்பு மாற்றாக வந்திருந்த நிலைய அதிகாரியின் கையில் கொடுத்தான். மேற்கொண்டு நியூடவுன் போவதற்கான டேப்லெட் என்று நினைத்த அவர் அதை டிரைவரிடமே நீட்டினார். டிரைவர் கொண்டுவந்த அதே தகடு அவரிடமே திரும்பிப் போனது. உறைக்குள் இருந்ததால் பெயரை யாரும் படிக்கவில்லை. ரயில் கிளம்பியது. மோதலில் 17 பேர் இறந்தார்கள், அதே ரயில்வேயின் இயக்குநர்களில் ஒருவரான ஹெர்பர்ட் வேன்-டெம்பஸ்ட் பிரபுவும் அவர்களில் ஒருவர்.

டையரின் கருவி அன்று தவறவில்லை. இரு நிலையங்களுக்கு இடையிலான ஒரு பகுதிக்கு ஒரு டேப்லெட்தான் வெளியே இருந்தது. ஆனால் அது எந்தப் பகுதிக்கானது என்பதைக் கருவி டிரைவரிடம் சொல்லாது. பொறித்திருக்கும் பெயரைப் படித்தால்தான் தெரியும். போதாக்குறைக்கு, கருவிகள் சிக்னல் அறையில் இல்லாமல் நிலையக் கட்டடத்தில் இருந்தன, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அவற்றைக் கையாண்டார்கள். புறப்பாட்டு சிக்னலுக்கும் டேப்லெட்டுக்கும் பூட்டுத் தொடர்பும் கிடையாது. இந்த ஓட்டைகளுக்கு மருந்து தெளிவாகவே இருந்தது: கருவி ஒரே சிக்னல்மேனின் பொறுப்பில் இருக்க வேண்டும், டோக்கன் உருவப்பட்டால்தான் புறப்பாட்டு சிக்னல் இறங்க வேண்டும். சாவி டோக்கனில் இன்னொரு காப்பும் உண்டு. அடுத்தடுத்த பகுதிகளின் சாவிகளுக்கு வெவ்வேறு வெட்டு. ஒன்றின் சாவி மற்றதன் கருவிக்குள் நுழையாது.

கை மாற்றுவது தனிக் கலை. டோக்கனை ஒரு பையில் போட்டுப் பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். சிக்னல்மேன் வளையத்தை உயர்த்திப் பிடிப்பார். ஃபயர்மேன் கையை வளையத்துக்குள் விட்டு வாங்குவார், அதே நேரம் பழையதைக் கொடுப்பார். மெதுவாகப் போனால் சரி. வேகம் கூடினால் பை சுழன்று வந்து உடம்பில் மோதும். பிடி தவறினால் ரயிலை நிறுத்திவிட்டு ஜல்லியில் தேட வேண்டும். இப்படிக் காயப்பட்டவர்களைப் பார்த்துத்தான் கிரேட் நார்த் ஆஃப் ஸ்காட்லாந்து ரயில்வேயின் ஜேம்ஸ் மேன்சன், ரயில் ஓடும்போதே டோக்கனை மாற்றிக்கொள்ளும் இயந்திரக் கையை வடிவமைத்தார். எல்லா ரயில்வேயும் பயன்படுத்தட்டும் என்று அதற்குக் காப்புரிமையே வாங்கவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அந்த ஒன்று போதும். சாமர்செட் அண்ட் டார்செட் பாதையில் அதே வேலைக்கு விட்டேக்கர் என்பவரின் கருவி இருந்தது. பாத் நகரத்தை விட்டு மிட்ஃபோர்டுவரை ஒற்றைப் பாதை. ‘பைன்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்ற ரயில் 1962வரை அந்த வழியாகத்தான் போனது.

டோக்கனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நடுவழியில் இருக்கும் சரக்குக் கிளைப்பாதைக்குத் தண்டவாளத்தைத் திருப்பும் லீவர்களை அதே சாவியால்தான் திறக்க முடியும். லீவர்களைப் பழைய நிலைக்குத் தள்ளாமல் சாவி வெளியே வராது. ரயில் அந்தக் கிளைப்பாதை முனையைத் திறந்துபோட்டுவிட்டுப் போக வழியே இல்லை. ஆனால் டோக்கன் வந்து சேர்ந்ததாலேயே முழு ரயிலும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கொக்கி அறுந்து நான்கு வேகன் பின்னால் நின்றிருக்கலாம். அதனால்தான் கடைசிப் பெட்டியின் சிவப்பு வால் விளக்கைப் பார்க்காமல் சிக்னல்மேன் 2-1 தட்டக் கூடாது.

நடுவழியில் எஞ்சின் பழுதாகி, உதவி எஞ்சினுக்காக டோக்கனைக் கொடுத்தனுப்பிவிட்டால், பிறகு பழுது சரியானாலும் டிரைவர் ரயிலை நகர்த்தக் கூடாது. எதிரே உதவி எஞ்சின் வந்துகொண்டிருக்கலாம். டிரைவர் மறந்து டோக்கனை அடுத்த நிலையம் தாண்டிக் கொண்டுபோய்விட்டால், அது திரும்பும்வரை அந்தப் பகுதி பூட்டிக் கிடக்கும். கருவியே கெட்டுப்போனால் ‘பைலட்மேன்’ ஒருவரை நியமிப்பார்கள். கையில் சிவப்புப் பட்டை கட்டிய அந்த மனிதர்தான் அப்போது டோக்கன். அவர் எஞ்சினில் ஏற வேண்டும், அல்லது அவரே நேரில் நின்று அனுமதி தர வேண்டும்.

1980களில் ஸ்காட்லாந்தின் நீண்ட ஒற்றைப் பாதைகளில் ரேடியோ டோக்கன் வந்தது. கையில் பிடிக்க எதுவும் இல்லை. வெஸ்ட் ஹைலண்ட் பாதையில் பானவியில் இருக்கும் சிக்னல்மேன் அனுப்பினால் எஞ்சின் அறையின் சின்னத் திரையில் பகுதியின் பெயர் வரும். டிரைவர் அதைப் பார்த்து, ரேடியோவில் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்திய பிறகுதான் கிளம்ப வேண்டும்.